மாப்பிள்ளையை அனுப்பிவைத்த விதம்

ஆண்கள் அந்த விஷயத்தைக் கதவின் கைப்பிடியைத் தொட்ட பிறகுதான் சொல்வார்கள். அதுவரை முதுகு வலி என்பார்கள், தூக்கம் வரவில்லை என்பார்கள். மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புவார்கள். கதவருகில் போனதும் கால் நின்றுவிடும். "டாக்டர், இன்னொண்ணு..." என்பார்கள். அப்போது நான் நிமிர்ந்து பார்க்க மாட்டேன். எழுந்து கை கழுவப் போய்விடுவேன். குழாயில் தண்ணீர் ஓடும்போது மனிதர்கள் கூச்சமில்லாமல் பேசுகிறார்கள்.

நான் பொது மருத்துவர். இந்தத் தாம்பத்தியச் சிக்கலுக்கு நானாக மருந்து கொடுப்பதில்லை. பெரிய மருத்துவமனையில் இதற்கென்றே ஒரு சிறப்புப் பிரிவு இருக்கிறது, அங்கே அனுப்பிவைப்பேன். பல் மருத்துவப் பிரிவைத் தாண்டிப் போனால் பெயர்ப்பலகை இல்லாத கடைசி அறை. கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டே நடந்துபோய் உள்ளே நுழைந்துவிடுகிறவர்கள் உண்டாம். "பல்லு வலின்னு வர்றவங்களை விட நம்ம ஆளுங்கதான் டாக்டர் கன்னத்தை நல்லா பிடிக்கிறாங்க" என்று அங்குள்ள நர்ஸ் சொல்லிச் சிரிப்பார்.

அந்தப் பிரிவுக்கு ஒரு வழக்கம் உண்டு. நோயாளியின் பெயரையும் எண்ணையும் நான் தொலைபேசியில் சொல்வேன். நர்ஸ் அந்த எண்ணுக்குக் கூப்பிட்டு வரவேண்டிய நாளைச் சொல்வார். நோயாளி அல்லாமல் வேறு யார் எடுத்தாலும் "ராங் நம்பர்" என்று வைத்துவிடுவார். இரண்டாம் முறையும் வேறு குரல் கேட்டால் பட்டியலிலிருந்து பெயரையே எடுத்துவிடுவார். வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ விஷயம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம். அப்படிப் பெயர் நீக்கப்பட்டவர்கள் என்னிடம் வந்து கேட்டால் திரும்பச் சொல்லிவைப்பேன். பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். ஒருமுறை சொல்வதற்கே அவ்வளவு பாடுபட்டவர்கள். அதனால் எண்ணை வாங்கும்போதே, "இதை நீங்கதானே எடுப்பீங்க?" என்று கேட்டு உறுதிசெய்துகொள்வேன். எல்லோரிடமும் கேட்பேன்.

மாப்பிள்ளையிடம் கேட்கவில்லை.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். ஒரு பெரிய சலவை நிலையத்தில் வேன் ஓட்டுகிறார். விடுதிகளின் படுக்கை விரிப்புகளை எடுத்துப் போய் வெளுத்துக் கொண்டுவந்து போடும் வேலை. நல்ல மனிதர். அவரைப் பற்றி என்னால் இன்றும் ஒரு குறை சொல்ல முடியாது.

தங்கையைச் சின்னவள் என்றுதான் வீட்டில் கூப்பிடுவோம். கூப்பிடுவதற்கு என்னைத் தவிர யாரும் இல்லாமல் போன பிறகும் அந்தப் பெயர்தான். அப்பா அம்மா போனபோது அவளுக்குத் தானாகத் தலை பின்னிக்கொள்ளத் தெரியாது. நான் பின்னிவிட்டேன். அவளைத் தூங்கவைத்துவிட்டுப் படித்தேன். டாக்டரான பிறகு எனக்கு வந்த வரன்களை அவளுக்காகத் தட்டிக்கழித்தேன். அவள் ஒருநாள் வேன் ஓட்டுகிறவரைப் பிடித்திருக்கிறது என்றாள். உடனே சரி என்றேன். திருமணத்தை முன்னின்று நடத்தியதும் நான்தான். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் யாருக்கும் குறுக்கே நிற்கிறவள் அல்ல.

திருமணமாகி ஒரு வருடம் கழித்து அவர் என்னைப் பார்க்க வந்தார். தோள் வலி என்றார். பார்த்தேன், ஒன்றும் இல்லை. கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு நின்றார்.

"அக்கா, உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"இங்க நான் அக்கா இல்ல தம்பி. டாக்டர்."

"அது இன்னும் கஷ்டமா இருக்கு."

குழாயைத் திறந்தேன். சொன்னார். முதல் சில மாதங்கள் சரியாக இருந்ததாம். அப்புறம் முடியவில்லை. இப்போது ஆசையே வருவதில்லை. "அவ மேல உயிரா இருக்கேன்க்கா. உடம்புதான் கேக்க மாட்டேங்குது" என்றார். இந்த வேலையில் இதைவிட நேர்மையாக யாரும் என்னிடம் பேசியதில்லை.

அவரிடம் இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று கைபேசி. மற்றது சலவை நிலையத்தின் எண். அதை அங்குள்ள மேற்பார்வைக்கார அம்மாதான் எடுப்பார். இயந்திரங்களின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி, தெருமுனை வரை கேட்கும் குரல். இரண்டு எண்களையும் அவரேதான் கொடுத்தார். நான் சிறப்புப் பிரிவுக்கு இரண்டாவதைச் சொன்னேன். அதுவும் அவருடைய எண்தான். அப்போது என்னிடம் திட்டம் என்று எதுவும் இல்லை.

நர்ஸ் என்னைக் கூப்பிட்டார். "டாக்டர், நீங்க சொன்ன ஆளுக்கு ரெண்டு வாட்டி போட்டுட்டேன். ஒரு அம்மா எடுத்து, வேலை நேரத்துல யாருய்யா அதுன்னு கத்துது. எனக்கே பயமா இருக்கு. பேரை எடுத்துடவா?"

"உங்க வழக்கப்படி செய்யுங்க" என்றேன்.

சின்னவள் வந்தாள். சமையலறையில் நின்றபடி, கழுவி வைத்த டம்ளர்களையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அவர் உன்கிட்ட வந்தாரா?"

"வந்தார்."

"அந்த இடத்துக்கு அனுப்பினியா?"

"அனுப்பினேன்."

"போனாரா?"

"நோயாளி விஷயத்தை வெளியில சொல்லக் கூடாதும்மா."

"நான் வெளியாளா?"

அவள் தலையை வருடிக்கொடுத்தேன். அவள் துணியைக் கீழே வைத்தாள். "அப்ப போகல. என்னைப் பிடிக்கலன்னா நேரா சொல்லித் தொலைக்கலாம்ல" என்றாள். இதை அவளாகத்தான் சொன்னாள். என் வாயிலிருந்து ஒரு பொய்யும் வரவில்லை.

அவரும் வந்து கேட்டார். மற்றவர்களைப் போல இல்லாமல் திரும்பத் திரும்பக் கேட்டார். "இன்னும் கூப்பிடலையேக்கா" என்பார். "அங்க கூட்டம் அதிகம் தம்பி, பொறுமையா இருங்க" என்பேன். "எனக்குப் பொறுமைக்கு என்ன குறைச்சல்? அவதான் முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கறா. நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று ஒருநாள் கேட்டார். "புருஷன் பொண்டாட்டி நடுவுல நான் வரக் கூடாது" என்றேன். அவர் தலையாட்டினார். என்மேல் அவருக்கு மரியாதை கூடியது தெரிந்தது.

பிறகு ஒரு மாலை தலைவலி என்று வந்தார். வரும்போது கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். மேசையின் ஓரத்தில் இருந்த தண்ணீர் டம்ளரைக் கை தட்டிவிட்டது. நான் அவரை நேரே உட்காரவைத்தேன். "என் மூக்கையே பாருங்க தம்பி" என்று சொல்லி, இரண்டு கைகளையும் அகல நீட்டி விரல்களை அசைத்தேன்.

"விரல் அசையுதா?"

"எங்கக்கா விரல்?"

மூளைக்கு அடியில், இரண்டு கண்களின் நரம்புகளும் சந்திக்கும் இடத்துக்குக் கீழே, பயறு அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதில் ஒரு வகைக் கட்டி வந்தால் முதலில் ஆசை போகும். அப்புறம் தலைவலி வரும். கட்டி மேல்நோக்கி வளர்ந்து நரம்பை அழுத்தினால் இரண்டு ஓரங்களிலும் பார்வை போய்விடும். நேரே இருப்பது மட்டும் தெரியும். புற்றுநோய் அல்ல. சிறப்புப் பிரிவில் முதல் நாளே எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் சந்தேகம் வந்துவிடும். பெரும்பாலும் கத்தி வைக்கவும் வேண்டாம், மாத்திரையிலேயே சுருங்கும். பார்வை திரும்பி வரும். ஆசையும் திரும்பி வரும்.

அதைத்தான் நான் யோசித்தேன். முந்தின வாரம் சின்னவள் வந்து, இனி அங்கே இருக்க முடியாது, என்னோடு வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தாள். அவள் அறையைத் துடைத்து, மெத்தையை வெயிலில் போட்டு எடுத்திருந்தேன்.

"கண்ணாடி மாத்தணும் தம்பி, வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

"அவ்வளவுதானா? நான் பயந்தே போயிட்டேன்" என்று சிரித்தார். கைப்பிடியைத் தேடிப் பிடித்தார். அப்போதுதான், "வண்டி ஓட்டலாம்லக்கா?" என்று கேட்டார்.

"மெதுவா ஓட்டுங்க" என்றேன்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். சின்னவளை என் வீட்டில் கொண்டுவிடுவதற்கும் அவரே வந்தார். வேறு வண்டி வேண்டாம் என்று அவள் பெட்டிகளைத் தானே வேனில் ஏற்றினாராம். நாற்சந்தியில் அவள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து லாரி வந்தது. லாரிக்காரர் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே வந்ததாகச் சொல்கிறார்கள். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்க அவருக்குப் பக்கம் இல்லை. நேரே போனார். அவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. அவளுக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை.

உங்கள் விசாரணையில் அவர், "அக்கா கண்ணாடி மாத்தச் சொன்னாங்க, நான்தான் மாத்தாம விட்டுட்டேன்" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். தன் அலட்சியத்தால்தான் எல்லாம் நடந்தது என்று நினைக்கிறார். தலைவலியும் இடிபடுவதும் உண்டென்று அவர் சொன்னதால், மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துக் கட்டியைப் பார்த்தார்கள். அங்குள்ள இளம் டாக்டர், சின்னவள் நோயாளியின் மனைவி என்பதால், அவள் கட்டிலருகே நின்று விளக்கினார். எது முதலில் போகும், எது பிறகு போகும் என்று பொறுமையாகச் சொன்னார். நானும் இருந்தேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இது சாதாரண டாக்டருக்குத் தெரியுமா?"

"பக்கப் பார்வையைச் சோதிச்சுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்மா" என்றார்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. தொண்டையில் எந்தத் தடையும் இல்லை என்கிறார்கள். அதிர்ச்சியாக இருக்கும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். ஆம், எனக்குத் தெரியும். அந்த மாலையே தெரியும். அவர் அந்தக் கண்ணோடு வண்டி ஓட்டப்போகிறார் என்று தெரியும். மாத்திரை கொடுத்தால் குணமாகும் என்று தெரிந்ததால்தான் கொடுக்கவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. அவருக்கு இப்போது மாத்திரை கொடுக்கிறார்களாம். பார்வை கொஞ்சம் திரும்பியிருக்கிறதாம். சந்தோஷம்.

நீங்கள் இதை எழுதி முடிக்க இன்னும் நேரமாகுமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். மதியம் அவளுக்கு நான்தான் ஊட்ட வேண்டும். வேறு யாரையும் வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. பழைய அறையிலேயே படுக்கவைத்திருக்கிறேன், காலையில் நானே தலை பின்னிவிடுகிறேன். நான் உள்ளே போனால் மட்டும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். கதவு திறக்கும்போது வெளிச்சம் கூசுகிறது போலிருக்கிறது. கனமான திரைச்சீலைக்குச் சொல்லியிருக்கிறேன்.