முருகனுக்கு நேர்ந்த முடி

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். இதில் வருபவருடைய டிவி நிகழ்ச்சி இப்போது நின்றுவிட்டதால் எழுதுகிறேன். பெயர் சொல்லமாட்டேன்.

லவால் நகருக்குப் போகும் மெட்ரோ ரயிலில் என் முன்னால் ஒரு வயதான அம்மாவும் மகனும் இருந்தார்கள். மகனை டிவியில் பார்த்திருக்கிறேன். இளமையில் கண்ணுக்கு மை தீட்டி, மினுங்கும் உடுப்போடு மேடையில் கிட்டாரை அலறவிட்டவர். பிறகு பிரெஞ்சு டிவியில் பாட்டு நிகழ்ச்சி நடத்தினார். இடுப்பளவு முடி மட்டும் மாறவில்லை.

"அம்மா, இந்த முடிக்குத்தான் அவங்கள் சம்பளம் தாறாங்கள்."

"நீ குடிச்சு ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்க, உனக்கு மொட்டை அடிக்கிறனெண்டு முருகனுக்கு நேர்ந்தனான். நான் கண் மூட முந்திச் செய்யடா."

"ஏலாதம்மா."

"அப்ப என்ரை தலைமுடியைக் குடுக்கிறன்."

மகன் சுற்றிப் பார்த்துவிட்டு, நெற்றியோரம் முடியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். அது பொய்முடி. உள்ளே வெறுந்தலை.

"எல்லாம் எப்பவோ கொட்டிட்டுது. டிவிக்காரருக்கும் தெரியாது."

"அப்ப நான் காய்ச்சித் தந்த எண்ணெயெல்லாம் எங்கையடா?"

"அலுமாரியிலை இருக்கம்மா."

அம்மா சிரித்தார். கண்ணும் கலங்கியது.

"கொட்டினதெண்டு சொல்லாதை, ராசா. முருகன் தானே வந்து எடுத்திருக்கிறார்."

கைப்பையிலிருந்து திருநீறு எடுத்து, பொய்முடிக்குள் கைவிட்டு அந்தத் தலை முழுக்கப் பூசினார். பிறகு முடியைச் சரியாக்கிவிட்டார்.

"இனிப் போய் டிவியிலை ஆடு."

யாருக்காவது சொன்னால் இதை இப்படியே சொல்லுங்கள். அற்புதம் எதையும் சேர்த்துவிடாதீர்கள். இருப்பது போதும்.