பவளம் படுத்த இடம்

குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. நின்றபடி கண்ணயரும், அவ்வளவுதான். ஆழ்ந்து தூங்க வேண்டுமென்றால் அதுவும் நம்மைப் போலப் படுத்தாக வேண்டும். ஆனால் கண்ட இடத்தில் படுக்காது. இங்கே நமக்கு ஒன்றும் நேராது என்று அதற்குத் தோன்ற வேண்டும். இரவு படுத்ததா இல்லையா என்று அறிய விழித்துக் காத்திருக்க வேண்டியதில்லை. காலையில் விலாவைப் பார்த்தால் போதும். வைக்கோல் தூசி ஒட்டியிருந்தால் படுத்திருக்கிறது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீங்கள் எல்லோரும் பெரியவரைப் பற்றியே கேட்கிறீர்கள். சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்கும் விளங்கும், எழுதுகிற ஏட்டையாவுக்கும் சிரமம் இருக்காது.

என் பெயர் இசக்கிதுரை. விக்கிரமசிங்கபுரத்தில் நூல் ஆலையில் வேலை. பவளம் என்னுடைய குதிரை. அந்தியூர்ச் சந்தையிலிருந்து எலும்பும் தோலுமாக அவளைக் கூட்டிவந்தேன். பிறகு சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோயில் கொடைக்குக் குதிரைவண்டிப் பந்தயம் வைத்தாலும், பவளம் வருகிறாளா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் பெயர் கொடுப்பார்கள். நான் இருப்பது ஆலைத் தொழிலாளர் வரிசை வீடு. சைக்கிளை நிறுத்தினாலே வாசல் அடைபட்டுப்போகும். அதனால் அவளை அம்பாசமுத்திரம் சாலையில் கோபாலசுப்பிரமணியன் சாருடைய லாயத்தில் விட்டிருந்தேன்.

அது அவர் வீட்டுக் காம்பவுண்டுக்குள்ளேயே இருந்தது. வீட்டுக்கும் லாயத்துக்கும் சேர்த்துச் சாலையைப் பார்த்து ஒரே இரும்புக் கேட். ஒரு காலத்தில் அவர்கள் வீட்டுக் குதிரைகள் நின்ற இடம். சார் கல்லூரியில் பாடம் நடத்தப் போன பிறகு வெளியார் குதிரைகளை வாடகைக்குக் கட்ட விட்டார்கள். பாபநாசத்துக்கு ஆள் ஏற்றும் மாடக்கண்ணு அண்ணாச்சியின் ஜட்கா குதிரை அங்கே நின்றது. கல்யாண வீடுகளுக்கு மாப்பிள்ளை ஊர்வலக் குதிரை அனுப்புகிற மைதீன் பாத்திமா அக்காவின் வெள்ளைக் குதிரையும் நின்றது. கடைசி அறையில் பவளம்.

சாருடைய அப்பாவைத்தான் நாங்கள் பெரியவர் என்போம். அவருக்கு ஞாபகம் போய்விட்டது. மகனையே யாரென்று கேட்பார். ஆனால் பவளத்தை மட்டும் "குட்டி" என்று கூப்பிட்டு நெற்றியைத் தடவிக் கொடுப்பார். அவள் மற்றவர்களைக் கிட்டே விடமாட்டாள். அவர் கைக்குத் தலையைத் தாழ்த்துவாள். இதை மறைக்க வேண்டியதில்லை. எனக்கு அவர் மேல் ஒரு வருத்தமும் இருந்ததில்லை.

இந்தத் தொண்ணூற்றேழாம் வருஷம் ஆடி மாதம், காலை ஷிப்டுக்குப் போகிற வழியில் லாயத்துக்குப் போனேன். கேட் பூட்டியிருந்தது. குதிரைகள் மூன்றும் வெளியே சாலையோரப் புளியமரங்களில் கட்டியிருந்தன. பக்கத்தில் எங்கள் வாளிகள், சேணங்கள், கொள்ளு மூட்டைகள். எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் அடுக்கியிருந்தார்கள். முதல் நாள் மாலைவரை யாரும் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மாடக்கண்ணு அண்ணாச்சி மரத்தடியில் குத்தவைத்திருந்தார். பாத்திமா அக்கா சேணத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்கன கொண்டு கட்டப் போறீரு வே?" என்றாள்.

"எம் பொண்டாட்டிய வெளிய கட்டிட்டு, இத வீட்டுக்குள்ள கட்ட வேண்டியதுதான்."

"அதுஞ் சரிதான். இது கடிக்காது."

அந்த நிலைமையிலும் இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டைத் தட்டினேன். சார் பல் துலக்கியபடி வந்தார். கேட்டைத் திறக்காமல் கம்பிகளுக்கு நடுவே பேசினார்.

"பையன் ஸ்ரீசரண் அமெரிக்காவுலேர்ந்து போன் பண்ணினான். இடத்தைப் பிளாட் போட ஆள் வந்தாச்சு. இன்னைக்கு அளக்க வாராங்க. வேற வழியில்லப்பா."

"நேத்தே சொல்லியிருக்கலாமே சார்."

"நேத்து சொன்னா மட்டும் என்ன செய்திருப்பே?"

"இவள நான் எங்கன கொண்டு போகட்டும்?"

"அது உன் பாடு," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வாயில் நுரை இருந்தது. துப்புவதற்காகத் திரும்பிப் போனார்.

பாத்திமா அக்கா தன் குதிரையை மேலப்பாளையத்தில் தம்பி வீட்டுக்கு அனுப்பினாள். மாடக்கண்ணு அண்ணாச்சி ஆட்டுக் கொட்டகையைப் பிரித்துத் தன் குதிரையைக் கட்டினார். எனக்குத்தான் இடம் இல்லை. வரிசை வீட்டுக்குப் பின்னால் கட்டினேன். சாணிக்கும் ஈக்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கடைசியில் கைவிட்ட செங்கல் சூளை ஒன்றில் ஓடு இறங்கிய கொட்டகை கிடைத்தது. வைக்கோல் பரப்பினேன். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். தினமும் காலையில் போய் அவள் விலாவைத் தடவுவேன். சுத்தமாக இருக்கும். ஒரு தூசி இருக்காது.

வாரக்கணக்கில் அவள் படுக்கவில்லை. கால்கள் வீங்கின. நின்றபடியே கண்ணயரும்போது முன்னங்கால் மடிந்து விழப்போவாள். சட்டென்று விழித்துக்கொள்வாள். முட்டியில் காயம் புண்ணாகி ஆறவே இல்லை. ஆலையில் இயந்திரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு நான் அந்த முட்டியையே நினைத்துக்கொண்டிருப்பேன். அதே நேரத்தில் சாருடைய காம்பவுண்டில் அவள் படுத்த அறை காலியாகக் கிடந்தது. அளந்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. லாயத்தில் ஒரு செங்கல்லைக்கூட அசைக்கவில்லை. அவசரம் என்று சொன்ன இடம் அப்படியே சும்மா கிடந்தது. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

இடம் மாறிய குதிரைக்குத் தளை போடுவது எங்களிடம் வழக்கம். முன்னங்கால் இரண்டையும் கயிற்றால் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். தத்தித் தத்திப் புல் மேயலாம், ஓட முடியாது. இல்லாவிட்டால் பழைய லாயத்துக்கே ஓடிவிடும். மாடக்கண்ணு அண்ணாச்சி சூளைக்கே வந்து சொன்னார்.

"ஏலே இசக்கி, தளையப் போடுலே. பைய மறந்துரும்."

"ஓட்டக்காரிக்கு யாராவது கால்ல கயிறு போடுவாங்களா அண்ணாச்சி?"

"ஆமா, பெரிய மகாராணி. போடலேன்னா ரோட்டுலதான்லே கெடப்பா."

நான் போடவில்லை. நடை கெட்டுவிடும் என்று அவரிடம் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் அது மட்டும் காரணமில்லை. வேலைக்குக் கிளம்பும்போது அவள் கழுத்துக் கயிற்றை நானே அவிழ்த்துவிட்டேன். தினமும் அவிழ்த்தேன். அவள் நேராகச் சாலை வழியே போய் அந்தக் கேட்டுக்கு முன்னால் நிற்பாள். நிற்கட்டும் என்றுதான் விட்டேன். காபி குடித்துவிட்டு வெளியே வருகிற மனிதர் அவள் முட்டியைப் பார்க்கட்டும். ஒரு நாள் பார்த்தும் பாராமல் போகலாம். தினமும் பார்த்தால் மனுஷன் என்றால் இரங்கத்தானே வேண்டும்? நான் நினைத்ததில் தவறு இருப்பதாக எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.

இரங்கியது பெரியவர்தான். பியூலா என்று அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் இருக்கிறாளே, அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். குட்டி வந்துவிட்டது என்று அவர் கேட்டைப் பிடித்து ஆட்டுவாராம். கம்பிக்குள் கையை விட்டு நெற்றியைத் தடவுவாராம். ஒருமுறை சாவியை எடுத்துத் திறந்தே விட்டுவிட்டார். பவளம் உள்ளே போய்த் தன் அறையில் படுத்துவிட்டாள். அன்று மாலை அவள் விலாவில் தூசி இருந்தது. நான் அழுதேன்.

மறுநாள் முதல் சார் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டார். பவளம் வந்தால் தகர வாளியைத் தட்டி விரட்டினார்.

புரட்டாசியில் ஒரு நாள் அவர் அப்படித் தட்டியபோது அவள் மிரண்டு சாலைக்குத் திரும்பினாள். ஆலைக்குப் பஞ்சுப் பொதி ஏற்றி வந்த லாரி. ஓட்டுநர்மேல் பிழை இல்லை. எனக்கு ஆள் அனுப்பினார்கள். நான் போனபோது அவள் சாலையில் படுத்திருந்தாள். கால்நடை மருத்துவர் வந்து முன்னங்காலைப் பார்த்தார், ஊசியை எடுத்தார். தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். கேட்டுக்குள்ளே பெரியவர் "குட்டி, குட்டி" என்று கத்திக்கொண்டிருந்தார். பியூலா அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

சார் வெளியே வந்தார். முதலில் செத்துக்கிடந்தவளைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"குதிரையக் கட்டி வச்சுக்கத் தெரியாதாப்பா உனக்கு? சாயங்காலம் இடம் வாங்குற பார்ட்டி பார்க்க வாராங்க. அதுக்குள்ள எடுத்துரு."

நான் எடுத்தேன். நாலு பேரைக் கூப்பிட்டு வண்டியில் ஏற்றினேன். சாலையில் கிடந்த ரத்தத்தின்மேல் மண் போட்டேன். வந்தவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

அதன் பிறகு நான் குடிக்கவில்லை. யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. ஒருநாள்கூட வேலைக்கு மட்டம் போடவில்லை, ஆலையில் கேட்டுப் பாருங்கள். யோசித்தேன், அவ்வளவுதான். சாரை அடிப்பதில் பயன் இல்லை. அவருக்கு வலிக்கும், ஆனால் விளங்காது. தினமும் ஒரே கேட்டுக்குத் திரும்பி வருகிற ஒரு ஜீவன் அவரிடமும் இருக்கிறதா என்று யோசித்தேன். இருந்தது.

பெரியவர் மாலையில் சாலையோரமாக ஓடைப் பாலம்வரை நடப்பார். பாலத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவார். அந்த ஒன்று மட்டும் அவருக்கு மறக்கவில்லை. அவர் வரும்வரை கேட்டைத் திறந்து வைப்பது வீட்டு வழக்கம். ஐப்பசியில், சாரும் அவர் மனைவியும் பத்திரம் பதிய அம்பாசமுத்திரம் போயிருந்த அன்று, பியூலா பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் என் சைக்கிள் சங்கிலியைக் கேட்டில் போட்டுப் பூட்டினேன். அந்தப் பெண்ணை நீங்கள் இன்னும் விசாரிப்பதாகக் கேள்விப்பட்டேன். விட்டுவிடுங்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளுக்காகத்தான் நானாக வந்தேன். நான் நியாயம் பார்க்கிறவன்.

பெரியவர் திரும்பி வந்தார். கேட்டைத் தள்ளினார். திறக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். பவளமும் அப்படித்தான், முதலில் மூக்கால் தள்ளிப் பார்ப்பாள். பிறகு அவர் வெறுமனே நின்றார். நான் எதிரே புளியமரத்தடியில் இருந்தேன். வெகுநேரம் நிற்கவிட்டேன். வேட்டி நழுவியது, அதை அவர் பிடிக்கவில்லை. நான் போய்க் கட்டிவிட்டேன்.

"யாருலே நீ? கேட்டு தொறக்க மாட்டேங்கே."

"மூடியாச்சு ஐயா."

"எங்க வீடுலே இது."

"இல்ல ஐயா. மூடியாச்சு. எல்லாரையும் போகச் சொல்லியாச்சு."

அவர் கம்பிக்கு அப்பால் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப நான் எங்கன போகட்டும்?" என்று கேட்டார்.

அது உங்கள் பாடு என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற ஆள் நானில்லை. சங்கிலியைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். அடுத்தவர் வீட்டைப் பூட்டி வைத்துவிட்டுப் போவது முறையில்லை. கேட்டைச் சாத்திவிட்டு, அவர் கையைப் பிடித்துச் சாலையைக் கடத்தினேன். இரண்டு பக்கமும் லாரி வருகிறதா என்று பார்த்துத்தான் கடத்தினேன். எதிர்ப்பக்கம் ஆற்றுக்கு இறங்குகிற பாதை இருக்கிறது, பாதை முடிவில் படித்துறை. மேலே மழை பெய்திருந்ததால் தாமிரபரணி நிறம் மாறிக் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. குளிக்க யாரும் வரவில்லை.

"குட்டி அங்கன இருக்கா?" என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன். படி பாசி பிடித்து வழுக்கியது. அவர் பயந்தார். பயப்படாதீர்கள், நான் பிடித்திருக்கிறேன் என்றேன். ஒவ்வொரு படியாக இறக்கினேன். அவர் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார், வயதுக்கு மீறிய பிடி. தண்ணீர் அவர் முழங்காலைத் தொட்டபோது என் விரல்களை அவர் கையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். தள்ளினேன் என்று எழுத வேண்டாம். கையை விட்டேன் என்று எழுதுங்கள். இந்த ஒரு சொல்லை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஒருமுறைதான் கூப்பிட்டார். யாரைக் கூப்பிட்டார் என்பது தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை.

சார் இப்போது கேட்டைப் பூட்டுவதே இல்லையாம். சாப்பிடாமல் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார், திரும்பத் திரும்ப ஏன் என்று கேட்கிறார் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நான் இவ்வளவு நேரம் சொன்னதை அவரிடம் படித்துக் காட்டுங்கள். படித்தவர், விளங்கிக்கொள்வார்.

உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டேன். கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் காலையிலிருந்து இத்தனை கேட்டீர்களே ஐயா, பவளத்தைக் கொன்றது யார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதல் வரியிலேயே அவர் பெயரைச் சொல்லியிருப்பேன்.