பிரசவ அறையைப் பேட்டையிலேயே நிலைநிறுத்திய மோகனா சிஸ்டருக்கு

ஊசி முனையிலும் அன்பை ஏற்றி உடல்நோயோடு உள்ளநோயும் ஓட்டிய உத்தமியே! ஆம்பூர் சுண்ணாம்புக்குழிப் பேட்டை நகர்ப்புற நல்வாழ்வு நிலையத்தின் நடுத்தூணே! பணிநிறைவு பெறும் தலைமைச் செவிலியர் திருமதி மோகனா அவர்களே! எங்கள் சிஸ்டரே! வணங்கி மகிழ்கிறோம்.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் தாங்கள் இங்கே வந்தபோது, பேட்டையின் பெயரைக் கேட்டாலே ஆட்டோக்கள் திரும்பிவிடும். ஓட்டுநர் டீ குடிக்க இறங்கிய நேரத்தில் ஓர் ஆட்டோ தானாகவே திரும்பிப் போனதை எங்கள் காவலாளி கண்ணால் கண்டிருக்கிறார். "தோல் கம்பெனி நாத்தம், ரவுடிப் பசங்க" என்றது ஊர். உள்ளே இருந்தவர்களோ, ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு டிபன் பாக்ஸோடு ஓடும் பெண்களும், குழாயடியில் தமிழிலும் உருதுவிலும் தெலுங்கிலும் சண்டையிட்டு அங்கேயே சமாதானமாகும் குடும்பங்களும்தான்.

தாங்கள் வந்த இரண்டாம் ஆண்டு, "யாரும் வராத இடத்தில் பிரசவ அறை எதற்கு? புறவழிச்சாலைக்கு மாற்றலாம்" என்று மேலிடம் நினைத்து, ஆய்வுக்கு ஓர் அதிகாரியை அனுப்பியது. மாற்றியிருந்தால், இடுப்புவலி கண்ட எங்கள் பெண்கள் நடந்தே நெடுஞ்சாலையைக் கடக்க நேர்ந்திருக்கும்.

தோல் வாடை அதிகாரியை விரட்டக் கூடாதென்று பள்ளிவாசல் ஜமாத்தின் தபரேஸ் பாய் வீதியில் சாம்பிராணி போட்டார். அவருக்குத் தெரியாமல் அம்மன் கோயில் அருணகிரி போட்டார். இருவருக்கும் தெரியாமல் சர்ச்சின் ரத்தினசாமி போட்டார். மூவரும் வாங்கியது சத்தார் கடையின் ஒரே மூட்டை! புகையில் இருட்டிப்போய், பகல் பதினோரு மணிக்கே கோழிகள் கூடையில் அடைந்தன. பள்ளிகொண்டா வரை மணம் போய், அங்கே சிலர் இந்தத் திசை பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டதாகவும் கேள்வி. மணியடித்தபடி தீயணைப்பு வண்டி வந்து, அதிகாரியைத்தான் முதலில் நனைத்தது.

"இன்னா பாய், நீயுமா?" என்றார் அருணகிரி.

"என்னை இன்னாத்துக்குக் கேக்கற? சர்ச்சாண்ட பாரு, அங்கதான் ஜாஸ்தி!"

கண்ணைக் கசக்கி நின்ற மூவரையும் தாங்கள் பிடித்த பிடி இருக்கிறதே! "நல்லது பண்றப்பகூட ஒருத்தருக்கொருத்தர் சொல்ல மாட்டீங்களா? நாளைலேர்ந்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு மூணு பேரும் என் பெஞ்சுல உக்காரணும்!"

ஈரம் சொட்டிய அதிகாரி ஆறு மாத அவகாசம் தந்தார். அதற்குள் இருபது பிரசவம் நடக்க வேண்டும் என்றார். அந்தப் பெஞ்சில் பேட்டை ஒன்றுகூடியது. ஜமாத் வேன் கொடுத்தது; சர்ச் இளைஞர்கள் சாக்கடையைத் தூர்வாரினார்கள்; கோயில் கமிட்டி தெருவிளக்கு போட்டது; ஷூ கம்பெனிப் பெண்கள் முறைவைத்துக் கர்ப்பிணிகளுக்குத் துணை வந்தார்கள். ஆறாம் மாத முடிவில் ஐம்பத்து மூன்று பிரசவம்! அதில் இரட்டைக் குழந்தைகளை அருணகிரி தனித்தனியாக எண்ணச் சொல்லி அடம்பிடித்ததை இங்கே குறிப்பிடாமல் விட முடியாது. மேலிடத்தின் உத்தரவு வந்தது: பிரசவ அறை அங்கேயே இருக்கட்டும்.

இன்று ராணிப்பேட்டையிலிருந்துகூட நம் பேட்டையை விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். தங்கள் நாற்காலிக்கு ஒன்பது பேர் மனுப் போட்டிருக்கிறார்கள். ஒன்பது பேரையும் பார்த்துப் பேசி ஒருவரைத் தேர்ந்தெடுக்கப்போவதாக அந்த மூவரும் பெஞ்சில் தீர்மானித்துவிட்டார்கள். அரசாங்கத்துக்குத்தான் இன்னும் தெரிவிக்கவில்லை.

சிஸ்டரே! தங்கள் ரத்த அழுத்தம் நூற்றிருபதுக்கு எண்பதிலேயே நிற்க! முழங்கால் ஒருநாளும் முனகாதிருக்க! தங்கள் கையில் பிறந்த பெண்கள் தாயாகி, தம் பிள்ளைகளையும் இதே அறையில் பெற்றெடுத்து, "ஆம்பூரில் எங்கே?" என்று கேட்பவரிடம் "சுண்ணாம்புக்குழிப் பேட்டை" என்று தலைநிமிர்ந்து சொல்வதைக் கண்ணாரக் காணும்வரை வாழ்க!

என்றும் தங்கள் அதட்டலுக்கு ஏங்கும்,
நல்வாழ்வு நிலைய ஊழியர்கள்,
சுண்ணாம்புக்குழிப் பேட்டை, ஆம்பூர்.