உடைந்த கரையை உடைந்தபடியே காத்தவருக்கு

பொந்தியான் கடலோரத் தோட்டத்தின் சுற்றுச்சூழல் அதிகாரியாக நெடுங்காலம் பணியாற்றி, இன்று ஓய்வு பெறும் பெருமதிப்பிற்குரிய தர்மினி குகநாதன் அம்மையார் அவர்களுக்கு, தோட்டப் பணியாளர்கள் நிறைந்த அன்போடும் நிலைகொள்ளாத நெஞ்சோடும் வாசித்தளிக்கும் மடல்.

அலையை அளந்த அறிவே, நண்டுக்கும் நாரைக்கும் நீதி கேட்ட நெஞ்சே, சேலைக்குக் கீழே ரப்பர் காலணி அணிந்து சேற்றில் இறங்கிய செம்மலே, வணக்கம்!

அமைதியாக ஓய்வெடுங்கள் என்று வாழ்த்தத்தான் இம்மடலை எழுத உட்கார்ந்தோம். எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டோம். கடலோர உடைப்பை மூடத் திங்கட்கிழமை மண் லாரிகள் வருகின்றன என்று தெரிந்த பிறகு, பூமாலையும் பொன்னாடையும் எங்கள் கையில் நிற்க மறுக்கின்றன. தாங்களும் நேற்று மாலை, விடைபெறும் நாளுக்கு முந்தைய நாள் என்றும் பாராமல், அந்த உடைப்பருகே போய் நின்றீர்கள். பார்த்தவர்கள் சொன்னார்கள்.

நம் தோட்டத்தின் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். எண்ணெய் தரும் செம்பனை தழைக்க வாய்க்கால் வெட்டி நீரை வடித்தோம். இலைதழை மக்கி உருவான இந்தக் கரிய மண், நீர் வடிந்ததும் காற்றுப் பட்டுக் கரைந்து ஆண்டுதோறும் அமுங்குகிறது. கரைந்த மண் கரிவாயுவாகி வானுக்குப் போய் வெப்பத்தைக் கூட்டுகிறது. வெப்பம் கூடக் கூடக் கடல் ஏறுகிறது. நிலம் இறங்க, நீர் ஏற, நடுவில் ஒரு மண்கரையை நம்பி நாம் குடும்பம் நடத்துகிறோம். இதைத் தாங்கள் சொன்ன நாளிலிருந்து எங்களில் பலருக்குச் சரியான தூக்கம் இல்லை. அதற்கும் சேர்த்தே நன்றி.

கரைக்கு முன்னால் பாக்காவ் என்னும் அலையாத்தி மரம் நட்டால் அலையின் வேகம் தணியும் என்றீர்கள். செம்பனை நட்டே பழகிய கைகள் அல்லவா நம்முடையவை? கயிறு பிடித்து, முளையடித்து, நிரை பிசகாமல் நட்டோம். ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு கை உரமும் வைத்தோம். கயிற்றின் ஒரு முனையைப் பிடித்திருந்தவர் தாங்களே என்பதை இச்சபையில் மறைத்தால் அது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். அடுத்த பெரிய கடலேற்றத்தில் கன்றும் போனது, உரமும் போனது. கடலுக்கு உரம் வைத்த தோட்டம் நம்மைப் போல் இன்னொன்று இருக்காது.

தோற்றவர் தாங்கள், ஆனால் தோல்வியை உட்கார்ந்து பார்த்துப் பாடம் கற்றவரும் தாங்களே. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆண்டிறுதி மழையில், கடலை ஒட்டிய பழைய தென்னந்திடலின் கரை உடைந்தபோது மணல்மூட்டையோடு ஓடியவர்களைக் கைநீட்டி நிறுத்தினீர்கள். நாற்றங்கால் அந்தோணியம்மாள் பதறிப்போனார்.

"என்னா மேடம், கடலு உள்ள வந்துருச்சு, பாத்துக்கிட்டே நிக்கிறீங்க?"

"வரட்டும் லா அந்தோணி. இந்தத் திடலுக்கு மட்டும் விட்டுக் கொடுப்போம். உள்ள தள்ளி வேற கரை போட்டுக்கலாம். மரத்த நாம நட வேணாம், தண்ணியே கொண்டு வரும்."

உங்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றே நினைத்தோம். ஆனால் கடல் உள்ளே வந்து வண்டலைப் போட்டது. வண்டலில் விதை ஒதுங்கியது. நிரையும் இல்லாமல் கயிறும் இல்லாமல், தனக்குப் பிடித்த இடத்தில் முளைத்தது. உதிர்ந்த இலையை நண்டு இழுத்துப் போனது. நண்டு கிளறிய சேற்றில் வேர் மூச்சு விட்டது. வேரிடுக்கில் இறால் குஞ்சுகள் வளர்ந்தன. இறாலைத் தேடி மீனும், மீனைத் தேடிக் கொக்கும், கொக்கைப் பார்த்துவிட்டுக் கம்பத்து மீனவர்களும், அதாவது பக்கத்து மலாய்க் கிராமத்தாரும், வந்தார்கள். வேர்கள் வண்டலைப் பிடித்து வைக்கின்றன. நாம் கட்டிய கரை வருடா வருடம் இறங்குகிறது. அந்தக் காடோ தன் மண்ணைத் தானே உயர்த்திக்கொள்கிறது. போன மழையில் பக்கத்துக் கம்பத்துச் சாலை முழங்கால் வரை மூழ்கியது. காட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் குடியிருப்பின் வாசல் நனையவில்லை.

அந்தக் காடு உயிரோடு இருப்பது உடைப்பின் வழியே போய்வரும் நீரால். உடைப்பை மூடினால் நீர் தேங்கும், வேர் மூச்சடைத்துச் சாகும், மரம் விழும். பிறகு மூடிய கரை மறுபடி உடையும் நாளில், அலை நேராக உள்ளே தள்ளிப் போட்ட எங்கள் உள்கரைக்கு வரும்.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நிர்வாகி ஜோனதன் அவர்கள் எங்களை மன்னிக்க வேண்டும். திடலை மீட்டுச் செம்பனை நடச் சொல்லி அவருக்கும் மேலிடம் நெருக்குகிறது. அவர் கெட்டவர் அல்லர். எங்களுக்கும் பயம் இருக்கிறது. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் யாரை விட்டது? இம்மடலில் இந்தப் பத்தி வேண்டாம் என்று சொன்னவர்களும் எங்களில் உண்டு.

அப்போது மண்வாரி இயந்திரம் ஓட்டும் காளியப்பன் வாய் திறந்தார்.

"லாரிக்காரன் மண்ணக் கொட்டிட்டுப் போயிருவான். தள்ளி மூடப்போறது நான்தானே? என் வீடும் அந்தக் கரைக்குப் பின்னாலதான் இருக்கு. நான் எப்படி மூடுவேன்?"

அதன்பின் பத்தியை எடுக்கச் சொல்ல யாருமில்லை.

அம்மையீர், தங்கள் முழங்கால் வலி தீரட்டும். கோபம் மட்டும் குறையாமல் இருக்கட்டும். அது எங்களுக்குத் தேவைப்படும். இன்னும் பல ஆண்டிறுதி மழைகளை நலமோடு காணுங்கள்; தங்கள் துணைவரும் பிள்ளைகளும் தங்களை வீட்டில் அதிகம் காணட்டும்.

இம்மடலைச் சட்டமிட்டுத் தங்களிடம் தருகிறோம். இதன் படி ஒன்றை இதே மேடையில் நிர்வாகி அவர்களிடமும் தருகிறோம். வாழ்த்து தங்களுக்கு மட்டும். கையெழுத்து இருவருக்கும்.

இவண்,
திங்கட்கிழமை உடைப்பை மூட மறுக்கும் தோட்டப் பணியாளர்கள்

முதல் கையெழுத்து: காளியப்பன், மண்வாரி ஓட்டுநர்