ஒரே லைன், ரெண்டு கூலி

— தொப்பியக் கையில வச்சிக்கிட்டு நிக்காதீங்க வெர்னன் அய்யா. அந்தப் பணிவு உங்களுக்குப் பொருந்தல.

— கோவிக்காதம்மா டெனிஷா. இந்த யூனியனுக்கு இருபத்தொம்பது வருசம் சந்தா கட்டினவன் நான்.

— இன்னிக்குப் புது ஒப்பந்தத்துக்கு நடக்கிற ஓட்டு, ரிட்டயர் ஆனவங்களுக்கு இல்லியே. இத்தனை பனியில டோலிடோ யூனியன் ஆபீசுக்கு எதுக்கு வந்தீங்க? ஓசிக் காப்பிக்கா, டோனட்டுக்கா?

— எங்க மருத்துவக் காப்பீட்ட கம்பெனி இந்தத் தடவ வெட்டப் போகுதுன்னு பேச்சு. என் சம்சாரம் ஐரீனோட புற்றுநோய் மாத்திரை மாசம் ஒம்பதாயிரம் டாலர். அறுபத்தஞ்சு வயசானா அரசாங்கம் பாத்துக்கும். அவளுக்கு அதுக்கு இன்னும் ஆறு வருசம் இருக்கு. உன் ஷிஃப்ட்ல நூத்தி நாப்பது ஓட்டு. நீ சொன்னா கேப்பாங்க.

— ஓ, நாங்க இப்பதான் கண்ணுக்குத் தெரியிறோமாக்கும்! அன்னிக்கு அந்த ஒப்பந்தத்துக்குக் கை தூக்கினப்ப?

— நியாயமாப் பேசும்மா. கம்பெனிக்காரன் ஃபாக்டரியத் தூக்கி மெக்சிகோவுல வச்சிடுவேன்னான். பழைய ஆளுக்கு மணிக்கு முப்பது டாலர் அப்படியே இருக்கும், இனிமே சேர்றவனுக்குப் பதினஞ்சு. ஒத்துக்கிட்டாத்தான் ஃபாக்டரி கேட் திறந்திருக்கும்னான்.

— ஒத்துக்கிட்டீங்க. அந்தக் கோடையிலயே படகு வாங்கினீங்க.

— பழைய படகும்மா அது.

— அய்யோ பாவம், பழைய படகு! ஒரே கார் லைன்ல நீங்க வலது சக்கரத்துக்கு போல்ட் முடுக்குனீங்க, நான் எதிர்ல நின்னு இடது சக்கரத்துக்கு முடுக்குனேன். அதே போல்ட்டு, அதே வேகம். சாயங்காலமானா நீங்க ஏரிக்குப் போவீங்க, நான் சாப்பாட்டு டெலிவரிக்குப் போவேன். அதுவும் பத்தாம வாரம் ரெண்டு தரம் ரத்தத்துல இருந்து பிளாஸ்மா எடுக்கக் குடுத்து வித்தேன், வீட்டு வாடகைக்கு. கையில ஊசிக் கட்டோட வந்தப்ப, “இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குச் செலவழிக்கத்தான் தெரியும்”னு ஒருத்தர் சிரிச்சாரே, யாருன்னு ஞாபகம் இருக்கா?

— நான்தான்.

— பரவால்ல, அதுக்காவது பொய் சொல்லல. கேட்டுக்கோங்க. திருட வர்றவன்கூட உள்ள ஆள் இருக்குமோன்னு கொஞ்சம் பயப்படுவான். நீங்க எங்க கூலிய, நாங்க ஆளா வந்து சேர்றதுக்கு முன்னாடியே எடுத்துக்கிட்டீங்க. அந்தப் பயம்கூட உங்களுக்குத் தேவைப்படல.

— திட்டு. எவ்வளவு வேணா திட்டு. திட்டி முடிச்சிட்டு ஐரீனுக்காக ஒரு வார்த்தை...

— ஐரீனம்மா மாத்திரைக்கு ஒண்ணும் ஆகாது. சுவத்துல ஒட்டியிருக்கிற புது ஒப்பந்தப் பேப்பரக்கூடப் படிக்காம கண்ணக் கசக்கிட்டு வந்திருக்கீங்க.

— என்னம்மா சொல்ற?

— உங்க காப்பீட்டுல கை வைக்கல. எங்களுக்கும் மணிக்கு நாலு டாலர் ஏத்தம்.

— நெஜமாவா? கடவுளே... இரு, இரு. அவனுங்க சும்மா குடுக்கிற ஆளுங்க இல்லியே. யார் தலையில கட்டினானுங்க?

— மார்ச்சுல இருந்து சேர்றவங்க தலையில. மணிக்குப் பதினாலு. பென்ஷன் கிடையாது, காப்பீடு கிடையாது.

— டெனிஷா, நீ... நீ என்ன போட்ட?

— காலையில ஆறு மணிக்கே சம்மதம்னு போட்டுட்டேன். எனக்குப் பின்னாடி எங்க ஷிஃப்ட் மொத்தமும்.

— வரப்போறவங்கள்ல ஒருத்தர் முகத்தையாவது நெனச்சுப் பாத்தியாம்மா?

— பாத்திருந்தா கை வந்திருக்குமாய்யா?