ஒருவன் தப்பிய படம்

பசறை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

“நேத்து டிவியில படம் பாத்துட்டு எங்க அண்ணன் அழுதுருச்சுக்கா.”

“அப்பிடி என்னா படம்?”

“யுத்தத்துல புடிபட்ட ஒருத்தன் கேம்புல இருந்து தப்பிச்சு வீட்டுக்கே வந்துர்றான். புள்ளைங்கல்லாம் கை தட்டுச்சுங்க.”

“நல்ல முடிவுதானே?”

“சண்டக் காலத்துல அண்ணனயும் கேம்புல வச்சிருந்தாங்கல்ல. அங்கயும் ஒருத்தன் ஓடிட்டான். காலையில பெரட்டுல வரிசையா நிறுத்தி எண்ணுனப்ப ஆளு கொறஞ்சிருக்கு. மிச்ச பேர நிக்க வச்சு அடிச்சாங்க. அண்ணனுக்கு எடது காது அன்னைக்குப் போனதுதான்.”



“ஓடுனவன் மேல கோவமா?”

“சே, அவன் நல்லா இருக்கட்டும்னுதான் சொல்லும். நேத்து படம் முடிஞ்சதும் நான் டிவிய நிப்பாட்டப் போனேன். ‘இரு, மிச்ச பேரயும் காட்டுவாங்க’ன்னுச்சு. எழுத்து ஓடி முடியிற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்துச்சு.”