தேய்த்தும் போகாத வெள்ளை

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கல்லூரிப் பெண்ணும் அவள் அத்தையும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"கால்சியம் உடம்புக்குள்ள கூடிட்டா பாக்டீரியா செத்துரும் அத்தை. அதான் வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும்."

"அதுக்கும் நம்ம தோட்டத்துத் தண்ணித் தொட்டிக்கும் என்னட்டி?"

"தள்ளுனது விரிசல்ல சுண்ணாம்புக் கல்லா ஒட்டி அடைச்சிரும். அதுக்குத்தான போன மாசம் காலேஜ் லேப்ல வளத்த பாக்டீரியாவைத் தடவிட்டு வந்தேன். மாமா தொட்டிய இடிக்கணும்னு நிக்காரு. இன்னும் ஒழுகுதா?"



"விரிசல் பூரா வெள்ளையா பூத்துச்சு. உப்புக் கறைன்னு நெனச்சு வெள்ளிக்கிழமைதோறும் நார் வச்சுத் தேச்சுட்டேன்."

"ஐயோ அத்தை!"

"கத்தாத. எம்புட்டுத் தேச்சும் அடியில ஒரு சாண் மட்டும் போகவே மாட்டேங்குது. அந்த எடத்துல இப்ப ஒழுகல."